முள் ஏறாத ஆடு

தையல்காரர் ஆட்டைக் கட்டிப்பிடித்தபடி எடை மெஷின் மீது நின்றார். முள்ளைப் பார்க்கவிடாமல் ஆடு மறைத்தது.

"ஏம்மா, என்ன காட்டுது?"

"போன வாரம் காட்டுன அதே நூறுதான்" என்றாள் மனைவி.

ஆட்டைத் தனியாக நிறுத்தினால் அது மெஷினையே கடித்துத் தின்னப் பார்க்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. இருவர் எடையில் தன் எடையைக் கழித்தால் மீதி ஆடு. ஆடு வந்த அன்றே தன் எடையைப் பார்த்து, துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் 'நான் 70 கிலோ' என்று எழுதி, அழியாமலிருக்க மேலே வார்னிஷும் பூசிவிட்டார்.

நாற்பது கிலோ இருந்தால்தான் எடுப்பேன் என்று கறிக்கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆடு விற்றால் தையல் மெஷினுக்கு மோட்டார். இல்லையென்றால் இந்த முழங்கால்வலியோடு ஆயுசுக்கும் மிதிக்க வேண்டியதுதான்.

"ஊசி பிடிக்கிற கைக்கு ஆடு எதுக்கு மாமா?" என்று சிரித்தான் மச்சினன்.

"ஊர்க் கிழிசலையெல்லாம் தைச்சவன்டா நான். ஒரு ஆட்டை உப்ப வைக்க மாட்டேனா?"

வைத்தார். வாளி நிறைய மக்காச்சோளம் கொட்டியதில் ஆட்டின் வயிறுதான் உப்பியது.

"தானியத்தை அளவாப் போடுங்க, தழைதான் முக்கியம்" என்று திட்டினார் மாட்டு டாக்டர். "இப்ப வாயு இறங்க நடக்க விடுங்க."

ஆடு நடக்கவில்லை. இவர்தான் தெருத்தெருவாக அதைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மறுநாள் முதல் தழைக்கு மரமேறினார். கீழ்க்கிளைத் தழையை ஆடு மோந்துகூடப் பார்க்காது, உச்சிக்கொழுந்துதான் இறங்கும்.

முள் அசையவில்லை. பிடிவாதம்தான் ஏறியது.

"நீங்க சாப்பிட வாங்க."

"என் பங்குக் கடலையையும் அதுக்கே போடு. சதை போட வேண்டியது அது, நானில்லை."

இதற்கிடையில் கால்சட்டை வேறு நழுவியது. "இந்தக் காலத்துத் துணி, துவைக்கத் துவைக்க விரியுது" என்று அலுத்துக்கொண்டே இடுப்பைப் பிடித்துத் தைத்தார். அடுத்த வாரமும் தைத்தார்.

கறிக்கடைக்காரர் வந்தார். தையல்காரர் மூச்சு வாங்க ஆட்டைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினார். அதே நூறு.

"தோத்துட்டேன் அண்ணே. குடுக்கிறதைக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போங்க."

"இங்க குடுங்க பாப்போம்."

ஆட்டைக் கையில் வாங்கிய கறிக்கடைக்காரரின் முதுகு வில்லாக வளைந்தது. மெல்ல இறக்கிவிட்டு, சுவர் எழுத்தைப் பார்த்தார். தையல்காரரின் இடுப்பைப் பார்த்தார்.

"ஆட்டுக்கு ஒரு குறையும் இல்ல மாஸ்டர். அந்தத் தீனியில பாதியை நீங்க தின்னிருந்தா, முள்ளு எப்பவோ ஏறியிருக்கும்."