தையல்காரனுக்கு ஒரு ஊசி

ஊரெல்லாம் காய்ச்சல். ஆனாலும் தடுப்பூசி போட்டுக்கொள்வதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். நான் தையல்காரன். விடிந்தால் அடைந்தால் ஊசியோடுதான் பிழைப்பு. ஆனால் ஊசி துணியில் ஏறுவது வேறு, தோளில் ஏறுவது வேறு.

என் மனைவி கூச்ச சுபாவம். அதிர்ந்து பேசமாட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"போட்டுக்கிட்டு வந்து பிள்ளையத் தூக்குங்க. அதுவரைக்கும் தொடக்கூடாது."

கைக்குழந்தை. என்னைப் பார்த்தால் இரண்டு கையையும் நீட்டும். நான் தையல் மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் அதிர்ஷ்டம் அடித்தது. வயிற்றுப்போக்கு! லேசானதுதான். இருந்தாலும் வந்ததே!

"வயிறு சரியில்லாம எப்படி ஊசி போடுறது? உடம்பு தாங்குமா?"

"அத நர்ஸம்மாகிட்டயே கேட்டுருவோம்ங்க."

பிள்ளையோடு மூவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நர்ஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இவள் பிள்ளையைத் தந்துதானே ஆகவேண்டும்!

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லேசான வயித்துப்போக்குதானே? அதுக்கெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். சட்டைக் கையை மடக்குங்க."

"லேசா இல்ல சிஸ்டர். தண்ணி! சுத்தத் தண்ணி!"

நர்ஸ் முகம் மாறியது. "அப்படியா? அப்ப இன்னைக்குத் தடுப்பூசி வேண்டாம்."

நெஞ்சு குளிர்ந்தது.

"உள்ள போய்ப் படுங்க. ட்ரிப் ஏத்தணும். அந்த ஊசி கொஞ்சம் பெருசு. ராத்திரி வரைக்கும் கையிலயே இருக்கும்."

"சுத்தத் தண்ணின்னு சொல்லிட முடியாது, சிஸ்டர்."

"பின்ன?"

"கூழு மாதிரி..."

"கூழா? இருங்க, டாக்டரக் கூப்பிடுறேன்."

"கெட்டி சிஸ்டர்! நல்ல கெட்டி! கல்லு!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர், நான் கால்சட்டை தைத்துக் கொடுத்தவர், வணக்கம் வேறு வைத்தார். பதில் வணக்கம் வைப்பதற்குள் தோளில் சுருக்கென்றது. முடிந்தது என் கதை.

"கொஞ்ச நேரம் இங்கயே உட்காருங்க," என்றார் நர்ஸ்.

மனைவி பிள்ளையை என் மடியில் வைத்தாள். அது என் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. சொர்க்கம்!

அந்த நேரம் பார்த்துத்தானா என் வயிறு கடகடவென்று உருள வேண்டும்? கல்லு என்று ஊர் கேட்கக் கத்தியவன், கக்கூஸ் எங்கே என்று எந்த முகத்தோடு கேட்பான்? பல்லைக் கடித்தேன். வியர்த்தது.

மனைவி குனிந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கூச்சத்தோடு என் காதில் சொன்னாள்.

"இடது பக்கம் கடைசிக் கதவுங்க. பையில மாத்துத் துணி இருக்கு."

"பிள்ளையோடதா?"

"உங்களோடதுங்க."