டப்பிங் அண்ணையும் குதிக்கும் பிணங்களும்

கன்டனீஸ் என்ற சீன மொழியில் ஒரு வரி தெரியாமல் கன்டனீஸ் படத்துக்கு முழுக்கதை சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் அடுக்குமாடியில் இருக்கிறார். சொந்தப் பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. டப்பிங் அண்ணை.

சீன உணவகம் ஒன்றில் கோப்பை கழுவியவர். அங்கே படித்த மொழி 'கெதியா', 'சூடு', 'தள்ளி நில்' என்பதோடு சரி. கடையை மூடியபோது முதலாளி ஒரு பெட்டி நிறையப் பழைய பேய்ப்பட டிவிடிகளைக் கொடுத்தார். சப்டைட்டில் கிடையாது. நெற்றியில் மஞ்சள் தாள் ஒட்டிய பிணங்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாகக் குதித்து வரும். பூசாரி ஒருவர் மணியடித்தபடி முன்னால் போவார். ஞாயிறு பின்னேரங்களில் கீழ்த்தள ஹோலில் படம் ஓடும். அண்ணை திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளாசுவார்.

"ஏன் அண்ணை உதுகள் குதிக்குதுகள்?"

"பஸ் வரேல்லை. ஸ்னோவுக்கை நிண்டு முழங்கால் இறுகிப்போச்சு."

"நெத்தியிலை தாள்?"

"பார்க்கிங் டிக்கெட். செத்தவனையும் உவங்கள் விடாங்கள்."

"மணி அடிக்கிறவர் ஆர்?"

"ஏஜென்சிக்காரர். ஒஷாவா பக்டரிக்கு ஆள் ஏத்துறார்."

கன்டனீஸ் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்றுதான் சொல்லி வைத்திருந்தார். தனி ஆள். மற்ற நாட்களில் அவர் கதவை ஒருவரும் தட்டுவதில்லை. ஞாயிறு மட்டும் ஹோல் நிறைந்த சனம். பொய் பிடிபட்டால் அந்த ஞாயிறும் போய்விடும். பயந்தது அவரல்ல, நான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற சாதி நான்.

ஒருநாள், மேல் மாடியில் இருக்கும் சீன அம்மா மகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வீட்டில் பேசுவது கன்டனீஸ்.

"அண்ணை, தலையிடியெண்டு சொல்லி நிப்பாட்டுங்கோ."

"பயந்தாங்கொள்ளி, பேசாமல் இரடா!" என்றார். ரிமோட்டை அமுக்கினார்.

படம் தொடங்கியது. சிரிக்க ஒன்றுமில்லாத இடத்தில் ஹோல் சிரித்தது. இவர் என்ன சொல்லுகிறார் என்று மகள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனிடம் போய்! வியர்த்து வியர்த்து, பஸ், டிக்கெட், ஏஜென்சி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மகள் தாய்க்குச் சொன்னாள். தாய் எழுந்து நின்றார். அண்ணை படத்தை நிறுத்தினார்.

தாய் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: இந்தப் பிணங்கள் வேலைக்குப் போன தூர இடத்தில் செத்தவர்கள். சொந்த ஊரில் புதைப்பதற்காகப் பூசாரி கூட்டிக்கொண்டு போகிறார். கால் விறைத்ததால் குதிக்கிறார்கள்.

 எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஓம், அதுக்குத்தானே வாறன்! பக்டரியிலை ஷிப்ட் முடிஞ்சுது. ஏஜென்சிக்காரர் இப்ப எல்லாரையும் ஊருக்கு ஏத்துறார். ஆரும் விடுபடாமல் வரிசையிலை குதியுங்கோ பிள்ளையள்!"

அது ஆங்கிலமாகி, கன்டனீஸாகிப் போய்ச் சேர்ந்ததும் சீன அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணையும் துடைத்தார். உண்மைக் கதை அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியுமாம். இவரை மேலே சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணைக்குக் கன்டனீஸ் தெரியாதென்பது இப்போது கட்டடம் முழுக்கத் தெரியும். ஆனாலும் அவர் வரப் பிந்தினால் ஒருவரும் படத்தைப் போடுவதில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தச் சீன அம்மாவுக்கே கதை விளங்காதாம்.