எல்லோர் கனவிலும் வருகிறாள்

கர்த்தருக்குள் அன்பான மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இடுப்பு வலி நீங்கலாக நான் சுகம். நீயும் உன் மனைவி மக்களும் சுகமாயிருக்கக் காலை மாலை ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்காள் கனவில் வந்து, "அவரைத் தனியா விடாதே, உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொன்னதாகவும், அது தேவசித்தம் என்றும், வீட்டைக் காலிசெய்துவிட்டு உடனே வரும்படியும் எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே. அவள் போன இந்த எட்டு மாதத்தில் எனக்கு வந்து சேர்ந்த தேவசித்தங்களில் உன்னுடையது நாலாவது. முதலில் பாடகர் குழுத் தலைவியின் கனவில் வந்து, தன் தையல் மெஷினை அந்த அம்மாளிடம் கொடுத்துவிடச் சொன்னாள், கொடுத்தேன். பிறகு மருந்துக்கடைக்காரர் கனவில் வந்து, என்னை இனிப்பைக் குறைக்கச் சொன்னாள். அது அவள் சொல்லக்கூடியதுதான். அப்புறம் வீட்டுச் சொந்தக்காரர். கோயில் வாசலையே மிதிக்காத மனுஷன், அவர் கனவிலும் போய், மாதக் கடைசிக்குள் நான் காலிசெய்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தாளாம். முப்பத்து நாலு வருஷம் தபால் பிரித்தவன் நான். விலாசம் அழிந்த கடிதத்தைக்கூட உரியவரிடம் சேர்த்திருக்கிறேன். எனக்கு வரவேண்டியது மட்டும் ஊரெல்லாம் போய் இறங்கியது.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கனவு சொல்லும் முறை உண்டல்லவா? கண்டவர் எழுந்து சொல்வார், போதகர் வேதத்தோடு ஒத்துப்பார்ப்பார், செயலாளர் நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் என் பெயர் மட்டும் இல்லாமலே இருந்தது. மூப்பர் சொப்பனம் காண்பார்கள் என்று வேதத்திலேயே இருக்கிறது. எனக்கு எழுபத்தொன்று, இதற்கு மேல் எப்படி மூப்பாவது? வயிறு முட்டச் சாப்பிட்டால் கனவு வரும் என்றார்கள்; ஏப்பம்தான் வந்தது. அவள் படுக்கிற ஓரத்தில் படுத்துப் பார்த்தேன். கீழே விழுந்தேன், இடுப்பு வலி அந்த வகையில் வந்ததுதான். கடைசியில், போன வாரம் வந்தேவிட்டாள். கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "வீட்டை விட்டு எங்கயும் போகாதீங்க, நான் வர்றப்ப நீங்க இங்க இருக்கணும்னு சொன்னா." என்ன உடை என்று போதகர் கேட்டார். வெள்ளை என்றேன். தலைவி எழுந்து, தனக்கு நீலத்தில்தான் காட்சி தந்தாள் என்று மல்லுக்கு நின்றார். அரைமணி நேரம் வழக்கு நடந்தது. வெள்ளைதான் வேதத்துக்கு ஒத்தது என்று போதகர் தீர்ப்புச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொண்டார்.

ஆகவே நான் வருவதற்கில்லை. உன் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. கர்த்தர் உன் வீட்டின் வரவையும் போக்கையும் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: நோட்டில் எழுதியது பொய். வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. அவள் எனக்கு ஒரு நாளும் வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன், அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் கண்ணை மூடுங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்றாள். நாற்காலியில் இருபது நிமிஷம் தூங்கிவிட்டேன். நர்ஸ் எழுப்பினபோது அவள் போயிருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் தூங்கினாலே அவளுக்குக் கோபமோ என்று பயமாயிருக்கிறது. உன் வீட்டுக்கு அவள் வருகிறாள் என்றால் நானும் வருகிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நீ கனவு கண்ட கட்டிலை எனக்குக் கொடு. நான் தூங்கும்போது எழுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வை.