கரடி நீ இல்லை, அண்ணா

படப்பையில் குடியிருக்கும் என் அண்ணன் தணிகாசலத்துக்கு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து தங்கை செந்தாமரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சவுக்கியம். அங்கே நீயும் அண்ணியும் சவுக்கியமாக இருக்க வேண்டும், உன் கோபம் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்க வேண்டும். போனில் என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

இத்தனை வருஷமாகக் குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதி, படமும் நானே போடுகிறேன். காக்கா, ஆமை, எருமை எதுவும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு கரடி வரைந்தேன், நீ பேச்சை நிறுத்திவிட்டாய். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் ஈரத்துண்டு போட்டு, எல்லோரையும் திட்டிக்கொண்டே முதுகில் சுமக்கிற கரடி என்றால் அது நீதானா? நீ ஓட்டுகிற கம்பெனி பஸ் கண்ணாடியில், உன்னோடு வேலை பார்க்கிற அந்த ஹேமந்த் கரடிப் படத்தை ஒட்டியதும், ஓரகடம் ஷிப்டுக்கு ஏறுகிறவன் எல்லாம் "இன்னா கரடிண்ணா, சாப்ட்டியா?" என்று கேட்பதும் என் குற்றமா? அதற்காக, கலைமதியின் காதுகுத்துக்குத் தட்டோடு அழைக்க வந்த உன் மச்சானிடம், "அந்தக் கரடியவே இட்டாந்து மடில குந்த வெச்சிக்கச் சொல்லு" என்று கதவைச் சாத்துவதா? தாய்மாமன் மடி இல்லாமல் என் பெண்ணுக்கு எப்படிக் காது குத்துவேன்?

நினைத்துப் பார் அண்ணா. பஸ் ஓட்டப் போவதற்கு முன் நீ அசெம்பிளி லைனில் வேலை பார்த்தபோது, கம்பெனியில் கழித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாய். "இந்தா, வரைஞ்சிக்கினு கெட" என்று என் முன்னால் போடுவாய். நோட்டு வாங்கவே யோசிக்கிற வீட்டில் எனக்கு மட்டும் அவ்வளவு பெரிய காகிதம்! நைட் ஷிப்ட் முடிந்து வந்து வாயைப் பிளந்து தூங்குவாய். மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிற ஆள் எனக்கு வேறு யார் கிடைத்தார்கள்? உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் படம் போடவே கற்றேன். அதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், கரடி நீ இல்லை. உன் கன்னத்து மச்சம் கரடிக்கு இருக்கிறதா, நீயே பார்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உன் காலைத் தொட்டுக் கும்பிடும்,

செந்தாமரை

பி.கு.: "கரடி மாமா மடிலதான் குந்துவேன்" என்று கலைமதி ஒரே அடம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு. புத்தகம் மறுபதிப்புக்குப் போகிறது, விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். உன் மச்சம் இடது கன்னமா, வலது கன்னமா?