பாகற்காய்க்கு வந்த புகழ்

ஹோம்புஷ்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் சிறிதரனுக்கு,

நானும் உம்முடைய தங்கை யோகராணியும் நலம். டண்டினொங்கில் நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். என்னைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய். வாட்ஸ்அப்பில் நான் எழுதுவதெல்லாம் அவளுடைய ஐபாடிலும் விழுவதால்தான் இந்தத் தபால்.

எனக்குப் புரொஸ்டேட் புற்றுநோய், மச்சான். எலும்புக்கும் போய்விட்டது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் மருந்து தந்து, இரத்தம் எடுத்துப் பார்க்கிறார். கட்டியிலிருந்து கழன்ற புற்றுநோய்ச் செல்கள் இரத்தத்தில் சுற்றித் திரியுமாம். தேர்த் திருவிழாவில் தொலைந்த ஆளைத் தேடுவது போல, கோடிக்கணக்கான நல்ல செல்களுக்குள் அவற்றைத் தேடிப் பிடித்து எண்ணுகிறார்கள். முதல் தடவை நிறையப் பிடிபட்டன. இந்தத் தடவை குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.

நம்மவர்கள் இந்த நோயின் பெயரை வாயால் சொல்வார்களா? கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கண்டு யோகராணி கேட்டதும், "சீனி வருத்தம்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் பாகற்காய்க் கறி, பக்கத்து வீட்டு வாசுதேவன் மகளின் பிறந்தநாளில் கேக் என் வாய்வரை வந்து திரும்பிப் போனது, கதை கோயில்வரை போய், நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்தில் அனுபவம் பேச என்னை மேடையேற்றினார்கள், ஏற்றியவர்கள் சும்மா இருக்காமல் எல்லோர் முன்னாலும் விரலில் குத்திப் பார்த்தார்கள், சீனி இளந்தாரிக்கு இருப்பது போல் வந்தது, "அண்ணை, என்ன செய்தனீங்கள்?" என்று வாசுதேவன் வாயைப் பிளக்க, "பாகற்காய்" என்று உளறிவிட்டேன். இப்போது ஹோம்புஷ் கடைகளில் பாகற்காய் கிடையாது. ஆண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பகிடி இருக்கட்டும். பயமாக இருக்கிறது, மச்சான். ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் தாங்கமாட்டாள், மூச்சு விடாதேயும்.

மச்சாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

வாயில் கசப்பும் மனதில் பாசமும் மாறாத,
கணேசலிங்கம்

பி.கு.: அண்ணா, இதைத் தபாலில போடச் சொல்லி என்னட்டையே தந்தவர். புட்டு அவிக்கிற ஆவியில பிடிச்சா உறை தானாத் திறக்கும். ஆஸ்பத்திரியில அவசரத்துக்கு என்ர நம்பரைக் குடுத்ததை மனுசன் மறந்துபோனார். அவங்கள் எனக்குத்தான் போன் எடுத்தவங்கள், தொடக்கத்திலேயே தெரியும். பொய் சொன்னதுக்குத்தான் பாகற்காய். வெள்ளிக்கிழமை நானும் கூடப் போறன், அவருக்கு இன்னும் சொல்லேல்ல. பாயாசத்துக்குச் சவ்வரிசி வாங்கி வைச்சிட்டன். முடிவு எப்படி வந்தாலும் காய்ச்சுவன்.

யோகராணி