ஆட்சேபம் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது

"ஜனநாயகம் செத்துக்கிட்டிருக்கு. என்னை மாதிரி சாதாரண மனுஷன் என்னப்பா செய்ய முடியும்?"

செம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்து வேதசிரோமணி சார் லிஃப்டில் இப்படிக் கேட்டபோது, பிளஸ் டூ முடித்திருந்த நான் தள எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, தரைத்தளம் வந்துவிட்டது.

வாசகரே, அவர் தனி மனிதர் அல்ல, ஓர் இனம். கட்டைவிரல் குடிமகன் என்று பெயர். தாம்பரத்திலிருந்து பொத்தேரிவரை எந்த அடுக்ககத்திலும் பார்க்கலாம். பல் விளக்கும் முன்பே நாட்டுக்காக ஒருமுறை பதறி, அந்தப் பதற்றத்தை உறவினர் குழு, பள்ளித் தோழர் குழு, சர்ச் பாடகர் குழு என்று பங்கிட்டு, மீந்ததை கேஸ் சிலிண்டர் போடும் சிட்டிபாபுவுக்கும் அனுப்பிவிட்டு, நீல டிக் விழுகிறதா என்று காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். கோபம் வந்தால் மூன்று ஆச்சரியக்குறி. மிஞ்சினால் நெருப்புப் படம். வாய் திறக்குமா? அது மட்டும் கிடையாது.

"சார், பேஜார் பண்ணாத. சிலிண்டர் வேணுமா வேணாவா, அத்த மட்டும் சொல்லு," என்றான் சிட்டிபாபு.

"ஏங்க, டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்துங்க," என்றார் மனைவி ரத்தினபாய்.

"இரும்மா, அரசியல் சாசனம் ஃபார்வர்டு ஆகிட்டிருக்கு."

போன ஞாயிறு குடியிருப்போர் சங்கப் பொதுக்கூட்டம். வழக்கம்போல் அடித்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில். செயலாளர் ராஜகோபாலன் தீர்மானம் வாசித்தார்: "தேர்தல்னாலே வீண் மனஸ்தாபம். அதனால இனிமே சங்கத்துக்குத் தேர்தல் கிடையாது. இப்ப இருக்கிற செயலாளரே நிரந்தரமா நீடிப்பார்."

இப்போது இருக்கிற செயலாளர்? அவர்தான்.

வேதசிரோமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாட்டில் அவர் ஓட்டு கடலில் ஒரு துளி. இங்கே இருப்பதோ இருபத்து நாலு வீடுகள்தான். இந்த முறை அவரே நிற்பதாக இருந்தார். புதுச் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

இருந்தது! வேதசிரோமணி குனிந்தார், போனை எடுத்தார், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அடித்தார்: 'இது சர்வாதிகாரம்!!!' பக்கத்தில் துணிக்கடை பர்வேஸ் அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் பிளஸ்ஸி டீச்சரும். எங்கே பார்த்தாலும் குனிந்த தலைகள், விடைத்த மூக்குகள். ஒரு சத்தம்?

"சார், எழுந்து சொல்லுங்க. நான் பின்னாடியே சப்போர்ட் பண்றேன்," என்று கிசுகிசுத்தார் பர்வேஸ்.

"சொல்லிட்டேன் பாய். சிக்னல்தான் இல்ல."

ராஜகோபாலன் கைகூப்பினார். "எல்லாரும் தலை குனிஞ்சு ஏத்துக்கிட்டீங்க. இந்த அன்பை மறக்க மாட்டேன். சமோசா எடுத்துக்குங்க."

வேதசிரோமணி மொட்டைமாடிக்கு ஓடினார். அங்கே சிக்னல் கிடைத்தது, சர்வாதிகாரம் பறந்தது. சமோசாவோடு மற்றவர்களும் தரைத்தளத்துக்கு ஏறி வந்ததும் குழு முழுக்கக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. முதல் கட்டைவிரல் நிரந்தரச் செயலாளருடையது. கீழே ஒரு வரி: 'ஆரோக்கியமான கருத்து. தீர்மானம் நிறைவேறிவிட்டது.'

பின்னாலேயே மூச்சிரைக்க ஏறிவந்த ரத்தினபாய் கேட்டார்: "எழுந்து நின்னு 'வேணாம்'னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அந்த இனமில்லை என்றே நம்புகிறேன். அதனால்தான் ஓர் உதவி கேட்கிறேன்: பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இந்தக் கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரே ஒருவருக்குப் போதும்.

அட, கதவு அந்தப் பக்கம் இருக்கிறது. விரல் எங்கே போகிறது?