தெருக்குத்து இல்லாத நகர்

மனை வாங்குகிறவர்கள் யாரும் வரைபடத்தை முழுசாகப் பார்ப்பதில்லை. தங்கள் மனையின் எண் எங்கே என்று விரலால் தேடுவார்கள். கண்டுபிடித்ததும் அதன் நாலு மூலையையும் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அடுத்தவன் மனை ஆகாயத்தில் இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. வரைகிறவனாவது முழுசாகப் பார்க்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்துக்கு உள்ளடங்கிய ஒரு பஞ்சாயத்து ஆபீஸில், ஊரே கூடியிருக்க, ஓர் அதிகாரியும் என்னிடம் இதையேதான் கேட்டார்.

அப்போது எனக்குக் கல்யாண வயசு. பல்லாவரத்தில் ஒரு சர்வேயரிடம் டிராப்ட்ஸ்மேன் வேலை. பேர் சாலமன். (அந்தப் பேருடைய ராஜா மகா ஞானி என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். பேரை வைத்தால் ஞானமும் கூடவே வந்துவிடும் என்று அப்பா நம்பியிருக்கிறார், பாவம்.) சட்டைப் பையில் இரண்டு பேனா, காதில் ஒரு பென்சில், செங்கல்பட்டு ஜில்லாவையே நான்தான் அளந்து கொடுத்தேன் என்கிற மாதிரி ஒரு நடை. அந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே உடம்பு கூசுகிறது.

எங்கள் சபையைச் சேர்ந்த வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லோரும் வாடகை வீட்டில் கிடந்து அலுத்துப்போய், சொந்த வீடு கட்டிக்கொள்ள ஒரு சங்கம் வைத்தார்கள். ஏரிக்கரை ஓரமாகப் பெரிய புஞ்சை ஒன்றை வாங்கினார்கள். கிழக்கே ஏரிக்கரை, வடக்கும் தெற்கும் பனந்தோப்பு, மேற்கே பஞ்சாயத்து ரோடு. ஆக, உள்ளே போக வேண்டுமானால் மேற்கிலிருந்துதான் போக முடியும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சங்கத்தின் செயலாளர் தேவசகாயம் சார். தலைமையாசிரியர். தெருவில் அவர் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நடப்பான். அவர் மகள் ரூபி கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. நான் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பேன். ரூபியும் நானும் பாட்டுப் புத்தகத்துக்கு மேலே பார்த்துக்கொள்வது எப்படியோ சார் காதுக்கு எட்டிவிட்டது. கூப்பிட்டனுப்பினார். இன்றைக்குத் தோலை உரித்துவிடுவார் என்றுதான் போனேன். ஆனால் அவர் உட்காரச் சொன்னார்.

"நம்ம லே-அவுட்டுக்கு நீங்களே பிளான் போடுங்க தம்பி. பஞ்சாயத்துல பாஸாகட்டும். அப்புறம் உங்க அப்பாவை என்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளான் பாஸானால் ரூபி, இல்லாவிட்டால் பின்வரிசை. அன்றைக்கே ட்ரேசிங் துணி வாங்கி வந்தேன்.

முதல் பிளான் நன்றாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தாலும் அதில் குற்றம் சொல்ல முடியாது. மேற்கு ரோட்டிலிருந்து நடுவாக ஒரு நுழைவுத் தெரு, உள்ளே சுற்றிவர ஒரு தெரு, அதன் இரண்டு பக்கமும் மனைகள். ஏரிக்கரை ஓரம் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் பூங்கா. (அந்தக் காலத்து லே-அவுட்டுகளில் எதற்கும் உதவாத இடத்துக்குப் பூங்கா என்று பேர்.) நுழைவுத் தெரு உள்ளே வந்து ஒரு மனையின் வாசலில் நேராக முட்டியது. இதைத்தான் ஊரில் தெருக்குத்து என்பார்கள். தெரு வந்து குத்துகிற வீடு விளங்காது, குடியிருப்பவனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை.

மனைகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கினார்கள். குலுக்குவதற்கு முன்னால் சார் எழுந்து பேசினார். "தெருக்குத்து, சகுனம், மூலை, திசை இதெல்லாம் நம்புறவங்க இல்ல நாம. எந்த மனை வந்தாலும் ஆண்டவர் கொடுத்ததுன்னு வாங்கிக்கணும்." எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். அந்த முட்டுகிற மனை சாருக்கே விழுந்தது. சார் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மழை பற்றிப் பேசினார்.

"தம்பி, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"ரூபி அம்மாவுக்குத்தான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்காம். பொம்பளைங்க பாருங்க. அந்த வழியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா..."

வருங்கால மாமனார் கேட்டு மாட்டேன் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? வழியை வடக்கே தள்ளினேன். பழைய வழி இருந்த இடத்தை வீணாக்குவானேன் என்று அங்கே ஒரு மனையைப் போட்டேன்.

வடக்கே தள்ளிய வழி, ரயில்வேயில் கார்டாக இருந்த சாமுவேல் அண்ணன் மனையில் போய்க் குத்தியது. மறுநாளே ஆள் வந்துவிட்டார். "டேய் சாலமா, நான் இந்தக் கருமாந்திரத்தை எல்லாம் நம்புற ஆளாடா? உங்க அண்ணிதான் சோறு தண்ணி இல்லாம அழுவுறா." அண்ணி அழுதால் மனசு கேட்குமா? வடக்கு வழியையும் மூடி அங்கே ஒரு மனை போட்டேன். வழி தெற்கே போயிற்று. தெற்கே ட்ரில் மாஸ்டர் மனை. விசில் ஊதினால் பள்ளிக்கூடமே நிற்கும் மனுஷர், என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதே. வீட்டுல அவதான்..." என்று இழுத்தார். அதற்குள் சுற்றுத் தெருவின் மூலைகளிலும் தெரு முட்டுகிறது என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். எல்லோருக்கும் நம்பிக்கை கிடையாது. எல்லோர் வீட்டிலும் பெண்டாட்டிதான்.

எனக்கு ஓர் அபார யோசனை வந்தது. சுற்றுத் தெருவின் மூலைகளையெல்லாம் மழித்து முட்டை வடிவத்தில் வளைத்துவிட்டேன். தெற்கு வழியை பிளேடால் சுரண்டி எடுத்து, அங்கேயும் ஒரு மனை போட்டேன். புது வழியை எங்கே வைப்பது என்று சாப்பிட்டுவிட்டு வந்து யோசிக்கலாம் என்றிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் படம் அத்தனை அழகாக இருந்தது! ஒரு மனையில்கூடத் தெரு முட்டவில்லை. அந்த அழகில் மயங்கி, இந்திய மையைத் தொட்டு அப்படியே இழுத்து முடித்துவிட்டேன்.

நீலப் பிரதி எடுத்துச் சங்கத்தில் விரித்தேன். எல்லோரும் குனிந்தார்கள், விரலால் தேடினார்கள், தங்கள் மனையைக் கண்டார்கள், நிமிர்ந்தார்கள். "முன்னைக்கு இப்ப மனையும் கூடியிருக்கே!" என்று சார் என் தோளில் தட்டினார். எங்கிருந்து கூடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரூபி மட்டும் தூரத்திலிருந்து, "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். அவள் பிளானைச் சொன்னாள். நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

பஞ்சாயத்துப் பரிசீலனைக் கூட்டத்துக்கு ஜில்லாவிலிருந்து நகரமைப்பு அதிகாரி வந்தார். பெரிய மேஜையில் பிளான் விரிந்து கிடந்தது. அதிகாரிக்குப் பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர், வெள்ளை வேட்டி, உள்ளூர் விவசாயி. சங்கத்தார் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள். பெண்கள் பின் பெஞ்சில். ரூபி கையில் காபி பிளாஸ்க். நான் புதுச் சட்டை.

அதிகாரி தெருவின் அகலத்தை அளந்தார். சரி. பூங்கா அளவு, சரி. மழைநீர்க் கால்வாய், சரி. "ஃபர்ஸ்ட் கிளாஸ் டிராயிங்" என்றார். தலைவரும், "ஷோக்கா கீதுபா" என்றார். நான் ரூபியைப் பார்த்தேன். ரூபி தரையைப் பார்த்தாள். கல்யாண மாலையின் வாசனை எனக்கு வர ஆரம்பித்துவிட்டது. அத்தோடு முத்திரை குத்தியிருக்கலாம்.

தேவசகாயம் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "சார், வீடு கட்டின பிறகு நீங்க அவசியம் வரணும். தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி, ஒரு ரிக்‌ஷா புடிச்சா, இதோ இந்தப் பஞ்சாயத்து ரோட்டுல வருவீங்க" என்று படத்தின் ஓரத்தில் விரலை வைத்து ஓட்டினார். "இப்படி வந்து, இங்க திரும்பி..."

விரல் திரும்பவில்லை. கொஞ்சம் வடக்கே போயிற்று. திரும்பி வந்து தெற்கே போயிற்று. சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டார்.

தலைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, முட்டையாட்டம் கீது! உள்ளாற எப்படிப் போவீங்க? செவுரு ஏறிக் குதிக்கணுமா?" பிறகு அவரே யோசனையும் சொன்னார். "பக்கத்துலதான் ஏர்போர்ஸ் கீது. அவுங்களாண்ட சொன்னா பாரசூட்ல எறக்கிவுட்டுடுவாங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீதானே வரைஞ்சே? முழுசா ஒரு தடவையாவது பார்த்தியா? வழி எங்கேப்பா?"

"மறந்துட்டேன் சார்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் என் தொழில் கௌரவம் என்று ஒன்று இருந்ததே, அது குறுக்கே பாய்ந்தது. காரணத்தோடு விளக்க ஆரம்பித்தேன்.

"வடக்கே வெச்சா சாமுவேல் அண்ணனுக்குத் தெருக்குத்து சார். அண்ணி அழுவுறாங்களாம். தெற்கே வெச்சா ட்ரில் மாஸ்டருக்கு. அவங்க வீட்டுலயும் வேணாம்னுட்டாங்க."

பின் பெஞ்சில் ஒரு சலசலப்பு. "நடுவுல?" என்றார் அதிகாரி. ரூபி என்னைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டுவது தெரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்கிறாள். புத்திக்குப் புரிந்தது. வாய் அதற்குள் கிளம்பிவிட்டது.

"நடுவுல செயலாளர் சாரோட மனை சார். அம்மாவுக்கு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குன்னு சார்தான் வீட்டுக்கு வந்து..."

"யாருக்கு? எனக்கா?" பின் பெஞ்சிலிருந்து ரூபியின் அம்மா எழுந்துவிட்டார். "நான் எப்ப சொன்னேன்? தெருக்குத்துன்னா என்னன்னே நீங்கதானே எனக்குச் சொன்னீங்க!"

"நான் அழுதேனா?" என்று சாமுவேல் அண்ணி எழுந்தார். ட்ரில் மாஸ்டரின் சம்சாரம் அவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். ஆண்கள் அத்தனை பேரும் திடீரென்று மேஜை மேலிருந்த பிளானை முழுசாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சிரித்து அடங்கத் தலைவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எங்க ஜனங்க வூட்டாண்ட தெரு வந்து குத்திச்சுன்னா ஒரு புள்ளையாரை வச்சிட்டு நிம்மதியாத் தூங்குவோம். நீங்க இன்னா சார் வைப்பீங்க?"

சார் முகம் செக்கச் சிவந்துவிட்டது. நிமிர்ந்து நின்றார். "நாங்க எதையும் வைக்க மாட்டோம். எங்களுக்கு அதுல நம்பிக்கை கிடையாது."

"அப்ப பேஜாரே இல்ல. நடுவுலயே தொறந்துடு தம்பி."

அதிகாரி சிவப்புப் பென்சிலை என் கையில் கொடுத்தார். ரூபியின் அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அவர் மனைக்கு நேராக, நானே என் கையால் தெருவை இழுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். பிளான் பாஸாகிவிட்டது. என் விஷயம்தான் பாஸாகவில்லை. வெளியே வந்ததும் சார், "தம்பி, நகருக்கு வழி வெச்சுக் கொடுத்தீங்க, சந்தோஷம். இனிமே என் வீட்டுக்கு வர்ற வழியை மறந்துடுங்க" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பஞ்சாயத்து ஆபீஸ் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே பிளாஸ்கோடு வந்த ரூபி, நடையை நிறுத்தாமல், வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "எங்க வீட்டுக்குப் பின்பக்கமும் ஒரு கேட் இருக்கு."

பின்பக்க கேட்டைத் திறந்துவிட்டது ரூபியின் அம்மாதான். தன் பேரைச் சொல்லி ஊர் சிரிக்க வைத்த புருஷனை அவர் லேசில் விடவில்லை. சார் அந்த மனையில் வீடு கட்டவும் துணியவில்லை, விற்கவும் முடியவில்லை. அத்தனை பேருக்கும் அந்த மனையின் கதை தெரியுமே, யார் வாங்குவார்கள்? "உங்களுக்குத்தான் பயம். எனக்கு இல்ல. ரூபிக்கும் இல்ல, அந்தப் பையனுக்கும் இல்ல. அவங்களுக்குக் கொடுத்துடுங்க" என்று அம்மா ஒரே பிடியாக நின்று சாதித்துவிட்டார். எங்கள் கல்யாணச் சாப்பாட்டில் பஞ்சாயத்துத் தலைவர் கைகழுவிவிட்டு வந்து, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அன்னிக்கு இன்னா வைப்பீங்கன்னு கேட்டேன், சார் சொல்லல. இப்பத்தான் தெரியுது. மாப்பிள்ளையை வச்சிட்டாரு!" அதற்கு முதலில் சிரித்தவர் என் மாமனார்.

அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். பூங்காவை மட்டும் நுழைவுத் தெருவுக்கு எதிரே கொண்டுவந்து வைத்திருந்தால் தெரு பூங்காவில் முட்டியிருக்கும், யாருக்கும் ஒரு தொல்லையும் இருந்திருக்காது. இது எனக்குத் தோன்றியபோது எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. ரூபியிடம் சொன்னேன். "நல்லவேளை, அப்ப தோணல" என்றாள்.

தெருக்குத்தினால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வந்ததெல்லாம் பிரேக் இல்லாத சைக்கிள்கள்தான். விலாசம் தெரியாதவர்கள், மிரண்ட எருமை, ஸ்கூட்டர் பழகுகிற பையன்கள், எல்லோரும் பஞ்சாயத்து ரோட்டில் திரும்பினால் நேரே வந்து சேருவது எங்கள் கேட்டில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் வாசலில் "டமால்" என்று கேட்கும். நான் அசையாமல் படுத்திருந்து பார்ப்பேன். சமையலறையிலிருந்து ரூபியின் குரல் வரும்:

"எழுந்து போய்ப் பாருங்க. அதுக்குத்தானே எங்கப்பா உங்களை வச்சிருக்காங்க!"